முட்டைக்கோழிக்கு சோயாவா, கடலைப் புண்ணாக்கா?

அலங்காநல்லூர் பக்கம் எங்கள் தோட்டத்தில் 120 கிராமப்பிரியா கோழிகள் நிற்கின்றன. தீவனத்தை நானேதான் கலக்கிறேன். மக்காச்சோளம், தவிடு, கிளிஞ்சல் எல்லாம் பெரிய தொல்லை இல்லை. புரதத்துக்கு எதைப் போடுவது என்பதில்தான் காசும் கவலையும். சோயாவில் ஆரம்பித்து, கடலைப் புண்ணாக்குக்குப் போய், மறுபடி சோயாவுக்கே வந்து சேர்ந்தவன் நான். அதனால் இந்த அலசலில் சோயா பக்கம் தராசு சாயத்தான் செய்யும்.

சோயாவை விட்டதற்குக் காரணம் விலை. 2021 ஆகஸ்டில் சோயாப் புண்ணாக்கு கிலோ நூறு ரூபாயை ஒட்டிப் போனது. மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதி கொடுக்க வேண்டி வந்ததும் அப்போதுதான். சோயா விளையும் மத்தியப் பிரதேசத்தில் மழை தப்பினால் மதுரைக்கோழி ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று, பக்கத்து ஊர் மரச்செக்கில் கடலைப் புண்ணாக்கு வாங்கத் தொடங்கினேன்.

புரதக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சோயாவில் நூற்றுக்கு 45 சொச்சம், கடலையில் 40 முதல் 45. ஆனால் கோழிக்குத் தீவனத்திலிருந்தே கிடைக்க வேண்டிய லைசின் என்ற புரதக்கூறு, சோயாவில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கடலையில் உண்டு. மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு இரண்டிலுமே போதாது; தனியாகச் சேர்க்க வேண்டும். ருசி என்று பார்த்தால் கடலைதான். தட்டில் கொட்டியதும் கோழிகள் அதைப் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் மற்றதைத் தொடும்.

என்னைத் திருப்பிப் போட்டது வேறு விஷயம்: மூட்டை எத்தனை நாள் தாங்கும் என்பது.

செக்கில் கடலை ஆட்டும்போது தண்ணீர் தெளித்துத்தான் ஆட்டுவார்கள். அந்த ஈரம் புண்ணாக்கில் தங்கிவிடுகிறது. எண்ணெயும் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு நின்றுவிடும்; கொஞ்ச நாளில் சிக்கு வாடை வரும். சித்திரை, வைகாசியில் இது பெரிதாகத் தெரியாது. ஐப்பசி அடைமழை பிடித்ததும்தான் வேலையைக் காட்டும். அந்த வருடம் கார்த்திகையில் மூட்டையின் அடியில் கிடந்த ஒரு வில்லையை உடைத்தேன். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளந்த இடத்தில் மஞ்சள் கலந்த பச்சையில், திருநீறு தூவினாற்போலப் பொடி. ஊதினால் பறந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரமாக முட்டை எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கியிருந்தது. கொண்டை வெளுத்து, நான்கு கோழி செத்திருந்தது.

ஐந்தாவதைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அறுத்துப் பார்த்த அந்தம்மா, “ஈரலப் பாருங்கண்ணே, தொட்டா உதிருது. புண்ணாக்க எங்க வச்சிருக்கீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். மஞ்சள் பூத்துக் கிடந்த அந்த ஈரல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எல்லாமே பூசணத்தால் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கார்த்திகையில் பகல் பொழுது சுருங்குவதாலும் முட்டை குறையும். புண்ணாக்கைப் பரிசோதனைக்கும் அனுப்பவில்லை.

ஆனால் பூசணம் கக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சின் சரித்திரமே கடலைப் புண்ணாக்கில்தான் தொடங்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் அஃப்லாடாக்சின் இருந்தது. வெயிலில் உலர்த்தினால் பூசணம் வளர்வது நின்றுபோகும். அது ஏற்கெனவே கக்கிய நஞ்சு அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் போகாது. பூசணம் கண்ணுக்குத் தெரியாத வில்லையிலும் இருக்கக்கூடும்.

சோயாப் புண்ணாக்கிலும் பூசணம் பிடிக்கும், ஈரத்தில் போட்டால். ஆனால் ஆலையில் கரைப்பான் கொண்டு எண்ணெய் எடுத்து, சூடேற்றி உலர்த்தி வருவதால் எண்ணெய் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான் மிஞ்சும். அந்தச் சூட்டில் பச்சைச் சோயாவின் செரிமானத் தடைப்பொருளும் அடங்கிவிடுகிறது. என்னிடம் மழைக்காலத்தில் இரண்டு மாதம் கிடந்த மூட்டையும் உதிரியாகவே இருந்தது.

பெர்த்தில் இருக்கும் மைத்துனர் லூபின் போடலாமே என்கிறார். மேற்கு ஆஸ்திரேலியாவின் மணல் நிலத்தில் விளையும் பயறு அது. கசப்பு நீக்கிய இனிப்பு ரகத்தை 1967இலேயே அங்கே வெளியிட்டுவிட்டார்கள். புரதம் நூற்றுக்கு 30க்கு மேல், வறுக்காமலே போடலாம். அதிகம் போட்டால் எச்சம் இளகி, கூண்டுத்தரை நசநசக்கும் என்கிறார்கள். மதுரைக் கீழமாசி வீதிக் கடைகளில் கிடைக்காத சரக்கை நான் கையால் தொட்டதுகூட இல்லை. அசோலா என்ற நீர்ப்பெரணியை மஞ்சள்கருவின் நிறத்துக்காகத் தூவுகிறேன். கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர், புரதத்துக்கு அதை நம்ப முடியாது.

இப்போது நூறு கிலோவுக்கு என் கலவை: மக்காச்சோளம் 50, சோயாப் புண்ணாக்கு 22, தவிடு 16, கிளிஞ்சல் 9, மீதி தாது உப்பும் மெத்தியோனினும். மூன்று மாதமாக சோயாவில் நான்கு கிலோவைக் குறைத்து எள்ளுப் புண்ணாக்கு போட்டுப் பார்க்கிறேன். அதில் மெத்தியோனின் நிறைய. முட்டை ஓடு கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் மூன்றும் வெயில் மாதம்; மழையில் எப்படி என்று இன்னும் தெரியாது. கடலைப் புண்ணாக்கு பங்குனி முதல் ஆடி வரை மட்டும், பத்து நாளுக்கு மேல் வைக்காத அளவில். மூட்டை பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. வாங்கிய தேதியைக் கரியால் எழுதி வைக்கிறேன்.