12 மீட்டர் குடோனில் இ.எஸ்.எஃப்.ஆர். ஸ்பிரிங்ளர்: ஏழு வருட அனுபவம்

ஒரகடம் பக்கம் ஒரு வாடகைக் குடோனின் பராமரிப்பை ஏழு வருடமாகப் பார்த்துவருகிறேன். கூரை உச்சி 12 மீட்டர். ஒரு பக்கம் 10 மீட்டர் ரேக், நடுவில் 6 மீட்டர், பேக்கிங் பகுதியில் தரையில் இரண்டு பேலட் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) அடுக்கு.

சரக்கு தாழ்வாக இருக்கும் இடங்களில் சாதா ஸ்பிரிங்ளர் (சூடு பட்டதும் தானே திறந்து தண்ணீர் தெளிக்கும் கருவி) போட்டால் செலவு மிச்சம் என்று ஆரம்பத்தில் பேச்சு வந்தது. வடிவமைத்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரக்கு தாழ்ந்தாலும் கூரை தாழவில்லையே! கீழே பிடித்த தீயின் சூடு அவ்வளவு தூரம் ஏறி ஸ்பிரிங்ளரைத் திறப்பதற்குள் தீ பெருத்துவிடும்.

அதனால் முழுக்க கே-200 (எவ்வளவு தண்ணீர் விடும் என்பதைக் குறிக்கும் எண்) இ.எஸ்.எஃப்.ஆர். ஸ்பிரிங்ளர். தீயை முளையிலேயே அடக்கும் வகை. என்.எஃப்.பி.ஏ. 13 என்ற அமெரிக்க ஸ்பிரிங்ளர் தரநிலைப்படி, அட்டைப்பெட்டிச் சரக்குக்கு இந்த உயரத்தில் ஒவ்வொரு ஹெட்டிலும் (தண்ணீர் தெளிக்கும் முனை) 5.2 பார் அழுத்தம் வேண்டும். 12 ஹெட் திறந்தால் நிமிடத்துக்கு சுமார் 5,500 லிட்டர். தீயணைக்கும் ஹோஸுக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3.9 லட்சம் லிட்டர் தண்ணீர். தொட்டிக்கும் பம்புக்கும் பணம் நிறையத்தான் போனது. ஆனால் மூன்றாம் வருடம் நடு ரேக்கை 9 மீட்டருக்கு உயர்த்தியபோது ஒரு குழாயில்கூடக் கை வைக்கவில்லை. கூரையில் மட்டும் என்றில்லாமல் ரேக்குக்குள்ளும் ஹெட் போட்டிருந்தால் அத்தனையையும் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். ஃபோர்க்லிஃப்ட் இடித்துவிடுமோ என்ற பயம் வேறு.

தொந்தரவு சரக்கால்தான் வந்தது. ஐந்தாம் வருடம் ஒருநாள் சுற்றி வரும்போது பார்த்தால், அட்டைப்பெட்டி இருந்த ரேக்கில் உறையில்லாத நுரை மெத்தைகள். பேலட்டுகளுக்கு நடுவே 150 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். சூடு மேலே ஏறுவதும் தண்ணீர் கீழே இறங்குவதும் அந்த வழியாகத்தான். அங்கே என் விரல்கூட நுழையவில்லை. இடைவெளியைச் சரிசெய்தாலும் போதாது. திறந்த நுரைப்பொருளுக்கு இந்த உயரத்தில் எங்கள் வடிவமைப்பு செல்லவே செல்லாது. வாடகைதாரரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி எல்லாவற்றையும் வெளியேற்றினோம். அந்த மூன்று வாரமும் எனக்குத் தூக்கமில்லை.

அப்புறம் ரேக் கம்பங்களில் சிவப்புக் கோடு போட்டோம், சரக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே 914 மி.மீ. குறையாதபடி. ஒப்பந்தம் புதுப்பித்தபோது, சரக்கின் வகையை மாற்றுமுன் எழுதிக் கேட்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கவைத்தேன்.