நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் பறக்க: தூத்துக்குடியா, திருவனந்தபுரமா?

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. சென்னைக்கு அவசரமாகப் போக வேண்டுமென்றால் மேற்கே திருவனந்தபுரம், இல்லையென்றால் நெல்லை தாண்டி வாகைகுளத்தில் இருக்கும் தூத்துக்குடி நிலையம். வேலை காரணமாகப் பல வருடங்களாக இரண்டிலும் மாறி மாறிப் போய்வருகிறேன். நாகர்கோவில்காரனாக என் ஓட்டு தூத்துக்குடிக்குத்தான்.

டிக்கெட்டை மட்டும் பார்த்தால் இது தப்பாகத் தோன்றும். சென்னையிலிருந்து வான்வழியில் தூத்துக்குடி சுமார் 525 கி.மீ., திருவனந்தபுரம் 610 கி.மீ.க்கு மேல். ஆனால் பக்கத்தில் இருக்கும் தூத்துக்குடிக்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். அங்கே போவது ஏடிஆர் 72, மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் விசிறி விமானம். ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். திருவனந்தபுரத்துக்கு ஜெட், ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். வாகைகுளத்தின் பழைய ஓடுபாதை 1,351 மீட்டர்தான் என்பதால் அதற்கு ஏடிஆர்தான் சரிப்பட்டது. அதை 3,115 மீட்டராக நீட்டும் வேலையோடு புது முனையமும் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள். பழைய சின்னக் கட்டடத்தில் நெருக்கியடித்து நின்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சரி, பிறகு ஏன் தூத்துக்குடி? சாலைதான் காரணம். திருவனந்தபுரம் நிலையம் 70 கி.மீ. சொச்சம்தான். ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊருக்கு ஊர் வண்டி நின்று நின்று போகும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தும் முன்னும் பின்னும் நெரிசல்தான். கேரள எல்லை தாண்டிக் காரோடு என்ற ஊரில் கான்கிரீட் பைபாஸைப் பிடித்துவிட்டால் வண்டி பறக்கும். நம்ம பக்கத்து நான்குவழிச்சாலையும் சீக்கிரம் முடிந்தால் நன்றாக இருக்கும். ஒன்றரை மணியில் போய்ச் சேர்ந்த நாளும் உண்டு, இரண்டரை மணி தாண்டிய நாளும் உண்டு. முகூர்த்த நாளில் இன்னும் மோசம்.

வாகைகுளம் 110 கி.மீ. பக்கம் வரும். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டியதும் வள்ளியூர், நாங்குநேரி என்று நான்குவழிச்சாலையில் ஒரே சீராகப் போகலாம். டோலும் டீசலும் கூடுதல்தான், ஆனால் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம். விமானம் பிடிக்கப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஏடிஆரில் பின்வரிசை இருக்கை கேட்டு வாங்குங்கள். விசிறிகள் முன்பாதியை ஒட்டி இருப்பதால் அங்கே இரைச்சலும் அதிர்வும் அதிகம். ஏறி இறங்கும் கதவும் பின்னால்தான், முதல் ஆளாக இறங்கிவிடலாம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே முழுசாகத் தெரியும். கடல் பக்கமிருந்து தாழ்ந்து வரும்போது உப்பளப் பாத்திகள் தெரியும், ஒன்று வெள்ளை, அடுத்தது இளஞ்சிவப்பு. எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை. மேலே பெட்டி வைக்கும் இடம் மட்டும் சிறியது, பெரிய டிராலி நுழையாது.

தக்கலைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு நான் தூத்துக்குடியைச் சொல்லமாட்டேன். அவர்களுக்குத் திருவனந்தபுரம்தான் சரி. அப்புறம், பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு) ஊர்வலம் அந்த ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானமே கிடையாது. அந்த மாதங்களில் டிக்கெட் போடுமுன் ஆறாட்டு நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.