ஒன்ராறியோ வடக்க கொட்டேஜ் எடுத்து மீன் பிடிக்கப் போற ஆக்கள் காசு அனுப்ப முதல் இதை வாசியுங்கோ

போன மே லோங் வீக்கெண்ட் நாங்கள் ஆறு பேர், மாமா, மாமி, மச்சான், நான், மனிசி, ஒன்பது வயசு மகள், ஸ்காபரோவில இருந்து நோர்த் பே தாண்டி ஹைவே 11-ல ரெமகாமிப் பக்கம் ஒரு கேபினுக்குப் போனனாங்கள். மூண்டு இரவு, போட், மோட்டர், மூஸ் எண்ட பெரிய காட்டு மான் காட்டுற டூர் எல்லாம் சேர்த்து 1,400 டொலர் எண்டு ஓனர் முழுக்காசையும் ஈ-ட்ரான்ஸ்ஃபரில முன்னமே வாங்கிப்போட்டார்.

மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்கோணுமோ எண்டு நான் போனில தெளிவாக் கேட்டனான். தேவையில்லை, இந்த வீக்கெண்ட் எல்லாருக்கும் ஃப்ரீ, பிக்கரல் மீன் பிடிக்கிற சீசனும் திறக்குது எண்டார். சீசன் திறக்கிறது உண்மைதான், அங்க அது மே மூண்டாவது சனிக்கிழமை, அதைச் சரியாச் சொன்னபடியா மற்றதையும் நம்பிட்டன். ஆனா ஒன்ராறியோவில மே மாசம் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்க விடுறது அன்னையர் தின வீக்கெண்டில, அது நாங்கள் போக முதலே முடிஞ்சு போச்சு.

போய்ப் பாத்தா போட்டில மூண்டே மூண்டு லைஃப் ஜக்கெட், மூண்டும் பெரியாக்களின்ர சைஸ். ஐஸ் கரைஞ்சு கொஞ்ச நாள்தான், கை வைக்கேலாத குளிர்த் தண்ணி, அதில சின்னப் பிள்ளையை எப்பிடி ஏத்துறது, இதை நினைச்சா இப்பவும் எனக்குக் கோவம் அடங்குதில்லை. போட்டைத் தொடாமல் டொக்கில நிண்டுதான் தூண்டில் போட்டனாங்கள், டொக்கில நிண்டாலும் லைசென்ஸ் வேணும் எண்டது அடுத்த நாள் காலமை மீன்பிடிச் சட்டம் பாக்கிற கொன்சவேஷன் ஒபிசர் வந்து இறங்கேக்கதான் விளங்கினது. மாமாவுக்கு 65 தாண்டிட்டுது, ஐடியைப் பாத்திட்டு விட்டிட்டார், 18க்குக் கீழ எண்டபடியா மகளுக்கும் பிரச்சினையில்லை, எனக்கும் மச்சானுக்கும் தண்டக்காசு டிக்கெட்.

பிறகு, தூண்டில் இரைக்கு நாங்கள் கொண்டுபோன மின்னோ எண்ட சின்ன உயிர் மீன் வாளியைப் பாத்தார். அங்க விலை கூட, ரொறன்ரோவில வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னதும் அதே ஓனர்தான். 2022-ல இருந்து மாகாணத்தை நாலு வலயமாப் பிரிச்சிருக்கினம், உயிர் மீன் இரையை ஒரு வலயத்தில இருந்து மற்றதுக்குக் கொண்டு போகேலாது, போற இடத்தில வாங்கி ரிசீட்டையும் வைச்சிருக்கோணும். நோயும் வெளி மீனும் ஏரிக்கு ஏரி பரவாமல் இருக்கத்தான், சட்டம் நியாயமானது, வாளி போனதில எனக்கு மனவருத்தம் இல்லை, சொல்லித்தந்த ஆளிலதான்.

மூஸ் டூருக்கு ஒருத்தரும் வரேல்லை, ரோட் மப் ஒண்டை மேசையில வைச்சிட்டுப் போயிருந்தார். மூஸ் பாக்க உண்மையில டூரே தேவையில்லை, விண்டரில கொட்டின உப்பு ரோட்டோரக் கானுத் தண்ணியில நிக்கும், மே ஜூனில அதைக் குடிக்க அதுகள் தானா வரும், அல்கொன்குவின் பார்க் ஹைவே 60-ல விடியக்காலமை மெதுவா ஓடினா உங்கட பிள்ளையளுக்கே காட்டலாம், இருட்டில மட்டும் கவனம்.

காசைத் திருப்பிக் கேட்டன், நம்பரை புளொக் பண்ணிட்டார். இப்ப அதே படங்களோட ஓகஸ்ட்டுக்கு விளம்பரம் ஓடுது, பச்சைக் கூரை, முன்னால சிவப்புக் கனூ, பெரிய பிக்கரலைத் தூக்கிப் பிடிச்ச ஒரு பெடியன். கண்டா ஒரு சதமும் அனுப்பாதேங்கோ.