சொந்த மதிலில் கேமரா மாட்ட அடுத்தவர் அனுமதி கேட்கும் கிரையப் பத்திரங்கள்: திருநெல்வேலிப் பக்கம் மனை வாங்குவோர் கவனிக்க

பாளையங்கோட்டையைச் சுற்றியும் நான்குவழிச் சாலையை ஒட்டியும் புது மனைப்பிரிவுகள் வரிசையாக வருகின்றன. சுற்றுச்சுவர், ஆர்ச், வாட்ச்மேன் அறை, ‘24 மணி நேர சிசிடிவி பாதுகாப்பு’ என்று பெரிய நோட்டீஸ். மும்பையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்காக இந்த ஒரு வரியை நம்பித்தான் பணம் போடுகிறார்கள். ஏமாற்று நடப்பதும் இதே வரியில்தான்.

இப்படி ஒரு மனைப்பிரிவில் நடந்ததைச் சொல்கிறோம். வீடு கட்டிக் குடிவந்த ஒரு குடும்பம் வாசல், கொல்லை, கார் நிறுத்தும் இடம், மாடிப்படி என நான்கு கேமரா மாட்டியது. அந்த வாரமே மெயின்டெனன்ஸ் ஆபீசிலிருந்து ஆள் வந்து கழற்றச் சொன்னார். காரணம் கேட்டபோது கிரையப் பத்திரத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். ‘எழுதிக்கொடுப்பவரின் எழுத்துமூல அனுமதியின்றி வெளிச்சுவர், மதில், கேட் ஆகியவற்றில் எவ்விதக் கண்காணிப்புக் கருவியும் பொருத்தக் கூடாது, மீறினால் எழுதிக்கொடுப்பவரே அகற்றிச் செலவை வசூலிக்கலாம்.’ அனுமதி எப்படிக் கிடைக்கும் என்றால், நிறுவனம் சொல்லும் ஆளிடமே கேமரா வாங்கி, மாதச் சந்தா கட்டினால் கிடைக்கும். பதிவு அவர்கள் ஆபீசில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். பிறகு தெருவில் ஒரு பைக் காணாமல் போனபோது பொதுக் கேமராவின் பதிவைக் கேட்டார்கள். ஹார்ட் டிஸ்க் எப்போதோ நின்றுபோயிருந்தது.

இந்த ஷரத்து விளம்பரத்தில் இல்லை, அட்வான்ஸ் ரசீதில் இல்லை, கிரைய ஒப்பந்தத்திலும் இல்லை. பதிவு நாளில் அச்சடித்த பத்திரத்தில்தான் முதல்முறையாக வந்தது. ஆடி முடிந்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நெரிசல். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கட்டியாகிவிட்டது. மகன் வெளிநாட்டில், அப்பா பவர் வாங்கிக் கையெழுத்துப் போட வந்திருக்கிறார். “அண்ணாச்சி, இது எல்லாருக்கும் உள்ள ஃபார்மாலிட்டிதான், போடுங்க” என்றால் யார் அங்கே நின்று பக்கம் புரட்டுவார்கள்? நேரத்தைப் பார்த்துத்தான் அந்தத் தாளை நீட்டுகிறார்கள்.

கட்டுப்பாடு எல்லாமே அநியாயம் என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சன்னலையோ குளியலறையையோ நோக்கிக் கேமரா வைக்கக் கூடாது என்று எழுதினால் அது சரியான ஷரத்து. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வில் சொல்லிவிட்டது. பெண்களை அந்தரங்க நிலையில் பார்ப்பதும் படமெடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் குற்றம். ஆனால் ‘எவ்விதக் கருவியும்’ என்று மொத்தமாகத் தடுத்து, காசு கட்டினால் மட்டும் அனுமதிப்பது அந்தரங்கத்தைக் காக்க எழுதியது அல்ல, வியாபாரத்துக்கு எழுதியது.

இது செல்லுமா? 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் 11-ஆம் பிரிவின்படி, முழு உரிமையோடு விற்ற சொத்தை இப்படித்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதித்தால், வாங்கியவர் அந்த விதி இல்லாததுபோலவே அனுபவிக்கலாம். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. விற்றவருக்குப் பக்கத்தில் வேறு நிலம் இருந்து, அந்த நிலத்தின் நல்ல அனுபவத்துக்காக விதித்த கட்டுப்பாடு என்றால் அதை வலியுறுத்த அவருக்கு உரிமை இருக்கலாம். விற்காத மனைகள் கையில் இருக்கும்வரை புரமோட்டர் (மனை போட்டு விற்பவர்) பிடித்துக்கொள்ளும் கொம்பு இதுதான். 40-ஆம் பிரிவின்படி, ‘செய்யாதே’ என்ற வகைக் கட்டுப்பாடு, அது தெரிந்தே வாங்கும் அடுத்தவரையும் தொடரக்கூடும். ‘மாதம் இவ்வளவு கட்டு’ என்ற வகைக் கடமை பொதுவாக நிலத்தோடு அடுத்தவருக்குப் போகாது. மறுவிற்பனையில் வாங்குபவர்கள் தாய்ப்பத்திரத்தின் ஷரத்துகளை முழுக்கப் படிக்க வேண்டும் என்பது இதனால்தான். வில்லங்கச் சான்றில் பத்திர எண்ணும் தரப்பினர் பெயரும் வரும், உள்ளே இருக்கும் ஷரத்து வராது. வில்லங்கம் சுத்தம் என்று நிம்மதியாகிவிடாமல் பத்திர நகலுக்கே மனுப் போடுங்கள்.

இன்னொரு பொய்யையும் அடிக்கடி கேட்கலாம்: “ரோடு எங்களுடையது, ரோட்டைப் பார்த்துக் கேமரா வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.” நகர் ஊரமைப்புத் துறை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த பிறகுதான் இறுதி ஒப்புதல் வரும். எழுதிக்கொடுத்துவிட்டால் அது பொது வழி. தானப் பத்திரத்தின் எண்ணைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கலாம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் வீட்டிலிருந்தே முடியும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்தாலோ அடுக்குமாடி வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயம். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போதே கிரைய ஒப்பந்தம், கிரையப் பத்திரம் இரண்டின் மாதிரியையும் புரமோட்டர் தாக்கல் செய்ய வேண்டும் என்று ரெரா சட்டம் 4(2)(g) சொல்கிறது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு அந்த மாதிரியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் புரமோட்டரிடமே எழுதிக் கேளுங்கள். அதில் இல்லாத ஷரத்து உங்கள் வரைவில் இருந்தால், நீங்கள் வைக்கும் முதல் கேள்வியே அதுதான். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. அதற்கு மேல் கொடுத்துவிட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும்.

பத்திர வரைவைப் பதிவுக்குப் பத்து நாளாவது முன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ‘கேமரா’ என்ற சொல்லை மட்டும் தேடாதீர்கள். ‘வெளித்தோற்றம்’, ‘முகப்பு மாற்றம்’, ‘துளையிடுதல்’, ‘மின்னணுக் கருவி’, ‘சங்க விதிகளுக்குக் கட்டுப்படுவேன்’ என்ற சொற்களுக்குள்ளும் இது ஒளிந்திருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் மிக ஆபத்து, ஏனென்றால் இன்னும் எழுதப்படாத விதிக்கு இன்றே ஒப்புக்கொள்கிறீர்கள். குடியிருப்போர் சங்கம் பதிவாகியிருந்தால் விதிப் புத்தக நகலை வாங்கிப் படியுங்கள். பதிவாகவில்லை என்றால் அந்த வரியையே அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் இந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்லலாம்: ‘எழுதிவாங்குபவர் தமது மனை எல்லைக்குள், தமது கட்டடத்திலும் மதிலிலும், பிறர் வீட்டின் உட்புறம் பதிவாகாத வகையில் கண்காணிப்புக் கேமரா பொருத்திக்கொள்ள எவர் அனுமதியும் கட்டணமும் தேவையில்லை.’ நேர்மையான புரமோட்டர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.

கேமராவை வைக்கும் விதத்திலேயே பாதிச் சண்டையைத் தவிர்க்கலாம். 2.8 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 100 டிகிரி அகலம் பார்க்கும், எதிர்வீட்டு வராந்தாவும் அதில் வந்துவிடும். கேட்டுக்கு 6 மி.மீ. போதும், ஏறத்தாழ 50 டிகிரிதான், முகமும் தெளிவாகத் தெரியும். அப்படியும் பக்கத்து வீட்டுச் சன்னல் வந்தால் ரெக்கார்டர் மெனுவில் ‘பிரைவசி மாஸ்க்’ போட்டு அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கி, அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் வந்தால் அதுவே ஆதாரம். ஷரத்து ‘வெளிச்சுவர்’ என்று மட்டும் சொன்னால் போர்ட்டிகோ கூரையின் அடியில் மாட்டலாம். வெள்ளைக் கூரைக்கு மிக நெருக்கமாகவோ கிரில்லுக்குப் பின்னாலோ வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி எதிரொளித்துப் படம் வெளுத்துவிடும். அப்போது அதை அணைத்து, வாசலில் ஒரு 9 வாட் எல்இடி பல்பை எரியவிடுங்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கான்கிரீட் போடும் முன்பே சன்ஷேடின் நான்கு மூலைக்கும் 25 மி.மீ. பைப் விட்டுவிடுங்கள். பிறகு ‘துளையிடாதே’ என்று யாரும் சொல்ல இடமிருக்காது. பதிவும் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் (Mbps) வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு 86 ஜிபி ஆகும், 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் தாங்கும். ஊருக்குப் போய்ப் பல நாள் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு இது போதாது, 2 டிபி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் ரெக்கார்டர்கள் போகும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் கேமராவை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். எந்த ஷரத்து, எந்தக் கேமரா, யாருக்கு என்ன பாதிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆட்கள் உள்ளே வந்து கழற்ற முயன்றால் அது அத்துமீறல், காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாதுகாப்பு என்று விளம்பரம் செய்து ஏமாற்றியிருந்தால் ரெரா சட்டம் 12-ஆம் பிரிவைக் காட்டி 31-இன் கீழ் ஆணையத்தில் மனுச் செய்யலாம். மனைகளை மேம்படுத்தி விற்பதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருப்பதால், பொதுக் கேமரா வேலை செய்யாததற்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு வருடக் கெடு உண்டு. ஷரத்தே நியாயமற்றது என்று வழக்காடுவதானால் மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறங்கிவந்தால், இருவரும் கையெழுத்திட்டு ஷரத்தை நீக்கும் பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். வெறும் லெட்டர்பேடில் வாங்கும் அனுமதி, நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவரின் வக்கீலிடம் எடுபடாது. மனுவோடு வைக்க அந்த விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடல், சந்தா கேட்ட ரசீது எல்லாம் வேண்டும். தேதியோடு ஒரு ஃபைலில் இன்றே சேர்த்துவையுங்கள்.