ஆழ்வார்பேட்டையில் ஒரு ஊசிவேலைக் கண்காட்சி

டிசம்பர், ஜனவரியில் சென்னைக்குப் போகிறவர்கள் கச்சேரிப் பட்டியலோடு கைவினைக் கண்காட்சிப் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் அதுதான் சீசன். நான் மெல்பர்னிலிருந்து போயிருந்த சமயம், கல்லூரித் தோழி நாகர்கோவிலிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். ஊசி, நூல் என்றால் எங்கள் இருவருக்கும் சோறு தண்ணீர் வேண்டாம். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த எம்பிராய்டரிக் கண்காட்சியில் காலையில் நுழைந்து, விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வந்தோம்.

போய்ச் சேருவது சுலபம். மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ.

முதலில் நின்றது நீலகிரித் தோடர் பழங்குடிப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்த ஸ்டாலில். நின்றவர்கள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். வெளிர் நிறப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை. துணியில் பென்சில் கோடு கிடையாது, ஃபிரேம் கிடையாது. மூத்தவர் விரலால் துணியை இழுத்துப் பிடித்து, இழைகளை எண்ணி எண்ணி ஊசியை விட்டு எடுக்கிறார். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் துளி தளர்வாக விடுகிறார். அதனால்தான் தடவிப் பார்த்தால் வேலைப்பாடு மேடு தட்டி நிற்கிறது. எருமைக் கொம்பு, பூ, சூரியன் எல்லாம் இப்படி எண்ணிக்கையிலேயே வந்துவிடுகின்றன. கணக்கு முழுக்க அவர் தலைக்குள். எது மேல் பக்கம் என்று கேட்டேன்.

“நீங்க அடிப்பக்கம்னு நினைக்கிறீங்கல்ல, எங்களுக்கு அதுதான் மேல் பக்கம் அக்கா.”

ஆணும் பெண்ணும் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளிப் போர்வையில் வரும் வேலை இது. 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆனாலும் ‘தோடர் டிசைன்’ என்ற பெயரில் அச்சடித்ததை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்ததில் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே ஒருவர் வந்து ஒரு சால்வையைப் பாதி விலைக்குக் கேட்டார். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் சால்வையை மடித்து வைத்தார். தோழிக்கு முகம் மாறிவிட்டது. அவளுடைய அம்மாச்சி கான்வென்டுக்கு லேஸ் பின்னிக் கொடுத்தவர். தலையணை மேல் குண்டூசி குத்தி, சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டு முடையும் லேஸ். நாகர்கோவிலில் அந்த வேலையை 1820-களில் தொடங்கி வைத்தவர் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிந்தது 1855-ல்தான். அதற்கு முன்பே, லேஸ் பின்னிச் சேர்த்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்ட பெண்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரிக்குக் கைவேலைக் கூலியில் பேரம் பேசினால் பொறுக்குமா? “அம்மாச்சிக்குக் கடைசியில கண்ணே போச்சுடி. விலை சொல்றதுக்குக்கூட அவளை யாரும் விடல” என்றாள். இந்தக் கண்காட்சியில் தைத்தவரே உட்கார்ந்து விலை சொல்கிறார். எனக்கு அங்கே மிகவும் பிடித்தது அதுதான். டாலரில் சம்பாதிக்கிற நாம் அந்த விலையைக் குறைத்துக் கேட்பது கொஞ்சமும் நியாயமில்லை.

அடுத்து தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியிலிருந்து வந்திருந்த, லம்பாடி மக்களின் பாரம்பரியத் தையல். 1993-ல் மருத்துவத் தம்பதி ரெஜி, லலிதா அந்தப் பள்ளத்தாக்கில் ஆரம்பித்த மருத்துவப் பணியின் தொடர்ச்சியாகத்தான் இதுவும் வளர்ந்தது. தையல் தெரிந்த மூத்த பெண்கள் ஒருசிலரிடம் கேட்டு இளையவர்கள் கற்றுக்கொண்டார்கள். குர்தா எடுத்தேன். கழுத்தோரத் தையல் அவ்வளவு நெருக்கம்.

மதியம் ஆரி எம்பிராய்டரி வகுப்பு. கட்டணம் முந்நூறு ரூபாய், ஊசி நாமே எடுத்துக்கொள்ளலாம். ஆரி ஊசியின் நுனியில் குட்டிக் கொக்கி இருக்கும். ஸ்டாண்டில் இழுத்துக் கட்டிய துணிக்கு மேலே வலது கை, கீழே நூலோடு இடது கை. ஊசி இறங்கியதும் கீழிருக்கும் கை நூலைக் கொக்கியில் மாட்ட வேண்டும், மேலே இழுத்தால் சங்கிலித் தையலின் ஒரு கண்ணி. சொல்லிக் கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “கீழ பார்க்காதீங்க மேடம், விரலுக்கே தெரியும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாண பிளவுஸ் ஆர்டர்தான் அவருக்கு வருமானம், முகூர்த்த மாதங்களில் தூக்கமே இருக்காதாம்.

சரி, வசதிகளுக்கு வருகிறேன். பணம் கொண்டு போங்கள், ரொக்கமாக. ஸ்டாலுக்கு ஸ்டால் க்யூஆர் அட்டை இருக்கிறது, வெளிநாட்டு கார்டு தேய்க்க மெஷின் இல்லை. வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், கனடா, இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் கைபேசி எண்ணிலேயே யுபிஐ இணைத்துக்கொள்ளலாம். வங்கி அனுமதிக்கிறதா என்று புறப்படும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். நான் கையில் வைத்திருந்த ரொக்கம் தீர்ந்ததும் தோழிதான் தன் போனிலிருந்து கட்டினாள்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு குறை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இழை எண்ணித் தைக்கிறவர்களுக்குத் தலைக்கு மேல் மங்கலான ஒரு டியூப்லைட், உட்கார முதுகு சாய்க்க முடியாத ஸ்டூல். வாசலில் செல்ஃபி எடுக்கும் இடத்துக்கோ அத்தனை விளக்கு. இதை ஒரே நாளில் சரிசெய்யலாம். கழிவறை சுத்தம். சாப்பாடு சுமார், காபி நன்றாக இருந்தது.

ஆஸ்திரேலியா திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. லம்பாடி வேலையில் சோழி வைத்துத் தைத்திருக்கும், சில பைகளில் மரமணி இருக்கும். விமானத்தில் தரும் படிவத்தில் அவற்றைக் குறிப்பிட்டுவிடுங்கள். காட்டிவிட்டால் பெரும்பாலும் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள், மறைத்தால்தான் அபராதம்.

தோடர் அம்மாவிடம் ஒரு சால்வைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறேன். முன்பணம் பாதி கேட்டார், முழுவதையும் கொடுத்துவிட்டோம். எப்போது கிடைக்கும் என்றதற்கு, “மழைக்கு முன்னாடி முடிச்சிடுவேன், நடுவுல வீட்டுல விசேஷம் வந்தா தள்ளிப் போகும்” என்றார். தள்ளியே போகட்டும். முடிந்ததும் தோழி வீட்டு முகவரிக்கு அனுப்புவதாகப் பேச்சு.