பழைய எம்ஜிபி வைத்திருக்கிறீர்களா? பின் சஸ்பென்ஷனை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இங்கிலாந்தில் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கென்றே நடக்கும் ஒரு பட்டறையில் 640 பவுண்டு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணத் தகராறு இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை.

என் கார் 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று நான்கு முறை ஆடித்தான் அடங்கும். அதைச் சொல்லித்தான் விட்டேன். அன்று மாலையே போன் வந்தது: இரண்டு லீவர் ஆர்ம் ஷாக் அப்சார்பரும் (எண்ணெய்ப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் கை நீட்டியிருக்கும் பழைய வகை) போய்விட்டன, டெலஸ்கோப்பிக் (குழாய்க்குள் தண்டு போய்வரும் வகை) மாற்றிவிடலாம், கார் புதுசு மாதிரி ஓடும். சரி என்றேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

இந்தக் காரில் பின்னால் இருப்பது லீஃப் ஸ்பிரிங்கில், அதாவது இரும்புப் பட்டை அடுக்கில், உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்சில். ஆம்ஸ்ட்ராங் கம்பெனியின் அந்த லீவர் ஆர்முக்குள் எண்ணெய் குறைந்தாலே கார் இப்படித்தான் ஆடும். கீழே உள்ள இணைப்பைக் கழற்றிவிட்டு அந்த இரும்புக் கையை மேலும் கீழும் அசைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்: ஒரே சீராகக் கனமாக நகர்ந்தால் நல்லது, நடுவில் லொடலொட என்றால் எண்ணெய் இல்லை. இதை என் கண்முன் செய்து காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கார் வந்தபோது பின்பக்கம் ஒரு விரல் கனம் உயர்ந்திருந்தது. புது ஸ்பிரிங்கா என்று கேட்டேன். இல்லை, ஓட ஓட இறங்கிவிடும் என்றார்கள். மூன்றாம் வாரம் ஒரு கூனல் பாலத்தில் ஏறி இறங்கும்போது பின்னால் தடாலென்று ஓர் அடி. காருக்குள்ளேயே இரும்பு முறிந்தது போலிருந்தது.

கார் வேலை தெரிந்த நண்பர் வந்து ஜாக்கி போட்டுத் தூக்கினார். டார்ச் அடித்துப் பார்த்ததும் முதலில் கேட்டது, "அண்ணே, ஸ்ட்ராப் எங்கே?" ஆக்சில் அளவுக்கு மீறிக் கீழே தொங்காமல் பிடித்துக்கொள்வது பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் அந்த ரப்பர் பட்டைதான். அது மாட்டும் முளை இரண்டு பக்கமும் வெறுமையாக நின்றது. சுற்றிலும் கரி படிந்திருக்க, பட்டை இருந்த இடம் மட்டும் வளையமாகச் சுத்தமாக இருந்தது. ஸ்ட்ராப் இல்லாததால் ஆக்சிலின் பாரம் முழுக்க ஷாக் அப்சார்பர் தண்டில் தொங்கியிருக்கிறது. வலது பக்கக் கீழ் பிராக்கெட்டின் வெல்டில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல். அது வேகமாகப் போகும்போது விட்டிருந்தால்? சீட்டுக்குப் பின்னால் என் மகளின் பை இருந்தது.

உயரத்துக்கான காரணமும் தெரிந்தது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே ஸ்பிரிங் முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டார்கள். கார் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும்.

என் பழைய ஷாக் அப்சார்பர்களைத் திருப்பிக் கேட்டால் "குப்பைக்குப் போயிற்று" என்கிறார்கள். குப்பை இல்லை. பழசைக் கொடுத்தால்தான் ரீகண்டிஷன் செய்தது எக்ஸ்சேஞ்சில் வரும், அதற்கு விலை உண்டு.

வேலை கொடுப்பவர்கள், கழற்றும் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். காரை எடுக்கும்போது கீழே குனிந்து இரண்டு ஸ்ட்ராப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். நான் இப்போது ரீகண்டிஷன் செய்த லீவர் ஆர்ம் ஒரு ஜோடிக்கும், புது ஸ்ட்ராப்புக்கும் சொல்லியிருக்கிறேன். அவை வரும்வரை ஜாக்கி ஸ்டாண்டின் மேல்தான் கார் நிற்கிறது.