கறிக்கோழித் தீவனத்துக்கு எது தேறும்: மாங்கொட்டையா, சாத்துக்குடிச் சக்கையா, வாழைப்பழத் தோலா?

வெயில் ஏறிவிட்டால் சென்னையில் மிண்ட், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என எங்கே போனாலும் ஜூஸ் கடையோரம் தோலும் சக்கையும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்தப் பக்கம் செங்குன்றம் தாண்டினால், கறிக்கோழி வளர்ப்பவர்கள் தீவனத்தில் போடும் மக்காச்சோளத்தின் விலையைச் சொல்லிப் புலம்புகிறார்கள். வளர்ப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. இந்தக் கழிவு மக்காச்சோளத்துக்கு மாற்றாகக் கை கொடுக்குமா?

கொடுக்கும், ஆனால் எல்லாம் அல்ல. கறிக்கோழி ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட வேண்டிய பறவை. ஆடு மாடு போல நார்ச்சத்தைச் செரித்துக்கொள்ள அதற்கு வழியில்லை. மொத்தத் தீவனத்தில் நார் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மக்காச்சோளத்தில் நார் குறைவு, கிலோவுக்குச் சுமார் 3,300 கிலோ கலோரி ஆற்றல். போட்டி இதனோடுதான்.

வாழைப்பழத் தோல் வருஷம் முழுக்க, அதுவும் சும்மா கிடைக்கும். ஆனால் பத்துக் கிலோ ஈரத் தோலைக் காயவைத்தால் ஒன்றரைக் கிலோ தேறினாலே அதிகம். அதிலும் நார் கூடுதல். பொட்டாசியமும் அதிகம் என்பதால் கோழி தண்ணீரை நிறையக் குடித்து, எச்சம் நீர்த்து, தரையில் பரப்பிய கூளம் ஈரமாகிவிடும். இதை ஆட்டுக்குப் போடுங்கள், கறிக்கோழிக்கு வேண்டாம்.

சாத்துக்குடிச் சக்கை மணமாக இருக்கும். சிக்கல் அதிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள். குடலுக்குள் கொழகொழப்பாகி, சத்து உறிஞ்சுவதைத் தடுக்கும், எச்சம் ஒட்டும். விதையில் கசப்புப் பொருள் வேறு இருக்கிறது. விதையை நீக்கிக் காயவைத்து அரைத்து, 5 சதவீதத்துக்குள் நிறுத்தினால் சரி.

எனக்கு நம்பிக்கை தருவது மாங்கொட்டைதான். ஓட்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புத் தோல் மூடிய வெளிர்நிறப் பருப்பு. மாவுச்சத்து நிறைய, கொழுப்பும் ஓரளவு உண்டு. ஆற்றலில் சோளத்துக்கு அருகில் வருவது இது ஒன்றே. ஆனால் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், வாயே இழுத்துக்கொள்ளும். அந்தத் துவர்ப்புதான் டானின். புரதத்தைப் பிடித்துக்கொண்டு கோழிக்குக் கிடைக்கவிடாது. பச்சையாக அரைத்துப் போட்டால் குஞ்சு வளராது. பருப்பை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைக்க வேண்டும். அப்புறம் சோளத்தில் கொஞ்சம் குறைத்து, இதை 5 சதவீதம் சேர்த்துத் தொடங்கலாம். 10-ஐத் தாண்ட நான் சொல்லமாட்டேன். புரதம் சோளத்தைவிடக் குறைவு என்பதால் சோயா புண்ணாக்கின் அளவைக் குறைக்காதீர்கள். வேலை அதிகம்தான்; கொட்டையை உடைக்கவே ஆள் வேண்டும். விறகுச் செலவையும் கூலியையும் கணக்கில் சேர்த்த பிறகே லாபம் பேச வேண்டும்.

மூன்றுக்கும் பொது எதிரி ஈரம். நம் கடலோரக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகை மழையில், மொட்டைமாடியில் காயவைத்தது நாலு நாளில் பூசணம் பிடிக்கும். பூசணத்தில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும். ஒரு மூட்டையில் வாடை வந்தாலும் மொத்தத்தையும் ஒதுக்குங்கள், வெயிலில் போட்டு மீட்கப் பார்க்காதீர்கள். மாங்காய்ப் பருவமும் கடும் வெயிலும் சேர்ந்தே வருவது மாங்கொட்டைக்கு இன்னொரு சாதகம்.

மூன்று வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு எதையும் கலக்க வேண்டாம். பெரிய கோழிகளில் சிலவற்றைத் தனியாகப் பிரித்து, தின்ற தீவனத்தையும் ஏறிய எடையையும் வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழி ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, மாதிரியை எடுத்துப் போய்க் கேளுங்கள்.